கோஷத்துக்கு ஒரு வக்காலத்து

ஐடில்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நம் இலக்கிய நண்பர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. “சத்தம் ஓக்கே லா, ஆனா வரிகள் ரொம்ப வீக்.” கொஞ்சம் தீவிரமானவர்கள் இணையத்தில் பாட்டு வரிகளைத் தேடி எடுத்து, ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, “இதெல்லாம் கோஷம்தானே? இதுல என்ன கலை இருக்கு?” என்று கேட்பார்கள். ஆமாம், கோஷம்தான். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. கோஷம் என்றாலே அங்கே கலை செத்துப்போச்சு என்று யார் முடிவு செய்தது என்பதுதான் என் கேள்வி.

இது நமக்குப் பழக்கதோஷம். பாட்டு என்றால் வரி. கண்ணதாசனா வாலியா என்று விடிய விடியப் பட்டிமன்றம் நடத்துவோம். அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நவீன இலக்கியம் படிக்க ஆரம்பித்த பிறகு இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பிரச்சாரம் என்ற வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சிறுகதையைப் பொறுத்தவரை நானும் அந்தக் கட்சிதான். கதைக்கு நடுவில் ஆசிரியர் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். ஆனால் தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிக்கிற ஒருவனுக்காக உண்டான அளவுகோலை எடுத்துக்கொண்டுபோய், ஆயிரத்தைந்நூறு பேர் வியர்த்து வழிகிற ஒரு கூடத்தை அளக்கிறோமே, அது பாலத்தின் சுமைக் கணக்கை வைத்துப் படகைச் சோதிப்பது மாதிரி. கணக்கு சரியாகவே இருக்கும். சோதனைதான் தப்பு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஐடில்ஸ் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பிரிஸ்டல் நகரத்துக் குழு. 2009இல் ஆரம்பித்தார்கள். இப்போது ஐந்து பேர். குரல் ஜோ டால்பட், கித்தார் மார்க் போவன், லீ கீர்னன், பேஸ் ஆடம் டெவன்ஷயர், டிரம்ஸ் ஜான் பீவிஸ். போவன் பல் மருத்துவராக இருந்தவர். மேடையில் பெரும்பாலும் பெண்கள் அணியும் கவுனைப் போட்டுக்கொண்டு கித்தாரைச் சித்திரவதை செய்வார். முதல் ஆல்பம் ‘புரூட்டலிசம்’ 2017இல்தான் வந்தது. அதாவது எட்டு வருஷம் சின்னச் சின்ன மேடைகளில் யாரும் கண்டுகொள்ளாமல் வாசித்திருக்கிறார்கள். அடுத்த வருஷமே ‘ஜாய் ஆஸ் ஆன் ஆக்ட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்’; சந்தோஷமாக இருப்பதே ஓர் எதிர்ப்பு என்ற தலைப்பு. 2019 மெர்க்குரி விருதுப் பட்டியல் வரைக்கும் போனது. பிறகு ‘அல்ட்ரா மோனோ’ 2020, ‘கிராலர்’ 2021, ‘டாங்க்’ 2024. எல்லாரும் இவர்களைப் பங்க் என்கிறார்கள். தாங்கள் பங்க் குழு இல்லை என்று டால்பட் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். நானும் வசதிக்காகப் பங்க் என்றே எழுதுகிறேன். அவர் தமிழ் படிக்கப்போவதில்லை.

‘புரூட்டலிசம்’ என்ற தலைப்பு எனக்கு ஏன் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை. நான் கான்கிரீட்டோடு பிழைப்பு நடத்துகிறவன். போருக்குப் பிறகு பிரிட்டனில் அரசாங்கம் கட்டிய குடியிருப்புகள், நூலகங்கள் பலவற்றின் கட்டட பாணி அது. கான்கிரீட்டுக்குப் பூச்சு கிடையாது, பெயிண்ட் கிடையாது. வார்ப்புப் பலகையின் மர ரேகை வரைக்கும் சுவரில் அப்படியே பதிந்திருக்கும். பார்க்க அசிங்கம் என்று பாதி ஊர் திட்டும். ஆனால் எது எதைத் தாங்குகிறது என்பதை அந்தக் கட்டடம் ஒளித்துவைக்காது. டால்பட்டின் அம்மா பக்கவாதத்தில் விழுந்தவர். அவரைப் பார்த்துக்கொண்டவர் மகன். அந்த ஆல்பத்தைச் செய்துகொண்டிருந்த காலத்தில் அம்மா இறந்துபோனார். ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அவர் படம். பின்னால் வெளியிட்ட 100 வினைல் தட்டுகளில் அவருடைய அஸ்தியையே கலந்து அச்சிட்டார்கள். ‘மதர்’ என்ற பாட்டில் அம்மா வேலை பார்த்த மணிநேரமும் நாட்களும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போகும். அந்த இடத்தில் அவ்வளவுதான் வரி. உவமை இல்லை, படிமம் இல்லை, ஒரு கூலிக் கணக்கு. காகிதத்தில் படித்தால் மூணாம் வகுப்புக் கூட்டல் மாதிரி இருக்கும். அதைப் பேஸ் கித்தார் பின்னாலிருந்து தள்ளத் தள்ள டால்பட் கத்தும்போது கேளுங்கள். மணி ஏற ஏற, கேட்கிற நமக்கே தோள் வலிக்கும்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் “சும்மா கத்தறாங்க” என்பதுதான் இரண்டாவது குற்றச்சாட்டு. சும்மா கத்துவது ரொம்பச் சுலபம், ரெண்டு நிமிஷத்தில் காது பழகிவிடும். ஐடில்ஸ் செய்வது வேறு. ‘கொலோசஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை நிமிஷத்துக்கு மேல். முதல் நான்கு நிமிஷத்துக்கும் அதிகமாக ஒரே தாளம், ஏறக்குறைய ஒரே சுரம், மெதுவாக வீங்கிக்கொண்டே போகும். கித்தார்கள் ராகம் வாசிக்காது. தகரத்தைக் கீறுகிற மாதிரி ஓரத்திலிருந்து உரசிக்கொண்டிருக்கும். இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று உடம்பு காத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் எல்லாம் நின்றுவிடும். ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குப் பிறகு கடைசி ஒரு நிமிஷம்தான் நாம் ‘பங்க்’ என்று நினைக்கிற வேகம். பல வருஷமாகக் கச்சேரியை இந்தப் பாட்டில்தான் தொடங்கினார்கள். கூட்டத்துக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே காத்திருக்கத்தான்.

கோஷம் வருவது அந்த வெடிப்பில். அது ஏன் குட்டையாக இருக்கிறது? கற்பனை வறட்சி என்பார்கள் நண்பர்கள். எனக்கு வேறு காரணம் தெரிகிறது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். திறந்தவெளியில் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்குப் பாட்டு 0.3 நொடி தாமதமாகத்தான் வந்து சேரும். அதனால்தான் பெரிய விழாக்களில் நடுவில் ஸ்பீக்கர் கோபுரங்களை நட்டு, அவற்றின் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி ஒத்துப்போக வைக்கிறார்கள். ஆனால் கூட்டத்தின் வாயிலிருந்து வருகிற ஒலியை எந்தக் கருவியும் சீர்செய்ய முடியாது. பத்தாயிரம் பேர் சேர்ந்து நீளமான, நுணுக்கமான வரியைப் பாடினால் அசைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும். நாலைந்து அசை, ஓங்கிய உயிரெழுத்து, நடுவில் இடைவெளி, மறுபடியும் அதே நாலைந்து அசை. இதுதான் தப்பிப் பிழைக்கும். கோயில் திருவிழாவில் அரோகரா ஏன் அரோகராவாக இருக்கிறது என்று யாராவது குறை சொல்வோமா? பத்துமலையில் அதைக் கேட்டுவிட்டு “வரி வீக்” என்று சொன்னவர் எவரும் இல்லை.

இவர்களை நான் பதிவுகளில் பார்த்தவன்தான். ஆனால் பதிவிலேயே தெரிகிற ஒன்று உண்டு. மேடைக்கு முன்னால் இருக்கிற குழியை, மாஷ் பிட் என்று சொல்கிறோமே அதை, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் குழுவின் உண்மையான படைப்பு. கூட்டத்தை இரண்டாகப் பிரிந்து நிற்கச் சொல்வார் டால்பட். நடுவில் வெறும் தரை. பாட்டு வெடித்ததும் இரண்டு பக்கமும் ஓடி வந்து மோதும். அதற்கு முன்னால் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்ளுங்கள், யாராவது விழுந்தால் தூக்கிவிடுங்கள்.

2013இல் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சிலர் ஹெவி மெட்டல் கச்சேரி வீடியோக்களை யூடியூபிலிருந்து எடுத்து, குழியில் ஆடுகிறவர்களின் வேகத்தை அளந்தார்கள். ‘ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்’ இதழில் வந்த கட்டுரை அது. மோதிக்கொள்ளும் மனிதர்களின் வேகப் பரவல், தட்டையான பரப்பில் அலைகிற வாயு மூலக்கூறுகளின் பரவலோடு ஒத்துப்போகிறது என்று கண்டார்கள். எல்லாரும் வட்டமாக ஓடும் குழி ஒரு நீர்ச்சுழல் மாதிரி. கணினியில் அதைப் போலி செய்ய அவர்களுக்கு நான்கே விசைகள் போதுமாக இருந்தன: ஒருவர் மேல் ஒருவர் ஏறாமல் விலக்கும் விசை, தானாக நகரும் விசை, பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து போகும் விசை, கொஞ்சம் தாறுமாறு. அழகான வேலை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் வாயுக்களின் சமன்பாட்டை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய எனக்கு அப்படிச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தச் சமன்பாட்டில் ஐந்தாவதாக ஒன்று இல்லை. வாயு மூலக்கூறு விழாது. விழுந்தாலும் இன்னொரு மூலக்கூறு நின்று கை கொடுக்காது. குழியில் அது நடக்கிறது. ஒருவன் வழுக்கி விழுந்த அடுத்த நொடி நாலு கை கீழே இறங்கும். அவனைச் சுற்றி ஒரு சின்ன வளையம் உண்டாகும். அவன் எழுந்ததும் வளையம் மறுபடி கலைந்து மோத ஆரம்பிக்கும்.

இது இயற்கையாக நடக்கிற விஷயம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சத்தமும் ஆட்டமும் தானாகவே நல்லவை என்று நான் சொல்லவரவில்லை. 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் நடந்த ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் நெரிசலில் சிக்கிய 10 பேர் இறந்துபோனார்கள். நிற்க இடம் இல்லாத கூட்டம் திரவம் மாதிரி அலையடிக்கும். அந்த அலையில் மனிதர்கள் நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிச் சாவார்கள். பங்க் வரலாற்றிலும் குழி என்பது ரொம்ப காலம் பெரிய உடம்புக்காரப் பையன்களின் பேட்டையாக இருந்தது. பெண்கள் சுவரோரம் ஒதுங்கி, நண்பர்களின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய இடம். 1990களின் தொடக்கத்தில் பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹானா மேடையிலிருந்து பெண்களை முன்னால் வரச் சொன்னது அதனால்தான். வாஷிங்டனின் ஃபுகாசி குழு பாட்டைப் பாதியில் நிறுத்தி, அடிதடி செய்கிறவனைக் கூப்பிட்டு, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவைக்கும். டிக்கெட்டே ஐந்து டாலர்தான். ஆக ஐடில்ஸ் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வேறு ஆட்கள் கஷ்டப்பட்டு உண்டாக்கிய ஒரு ஒழுங்கை எடுத்துப் பெரிய கூட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தின் பாடநூல்தான் நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிற கோஷங்கள்.

“ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்களிடமே திரும்பத் திரும்பச் சொல்றாங்க, இதுல யார் மாறப்போறா?” இதுவும் அடிக்கடி வரும். சரி, யார் அந்த ஒத்துக்கொண்டவர்கள்? படங்களைப் பாருங்கள். முப்பது நாற்பது வயது வெள்ளைக்கார ஆண்கள் நிறைய. மொட்டைத் தலை, பீர் வயிறு. ஆண்கள் அழலாம் என்பதை இவர்கள் தலையளவில் ஒத்துக்கொண்டு ரொம்ப நாள் ஆகியிருக்கும்; பத்திரிகையில் படித்திருப்பார்கள். உடம்பு ஒத்துக்கொண்டதா? பிரிட்டனில் தற்கொலை செய்துகொள்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆண்கள். ‘சமாரிட்டன்ஸ்’ என்று ஐடில்ஸின் ஒரு பாட்டு இருக்கிறது. அந்த ஊரில் மனமுடைந்தவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்காக 1953இல் தொடங்கிய தொலைபேசிச் சேவையின் பெயர் அது. ஆம்பளையா இரு, அழாதே என்று பையன்களுக்குச் சொல்லப்படும் புத்திமதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு. கட்டுரையாக எழுதினால் சுமாரான கட்டுரை. ஆனால் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு நாற்பது வயது ஆள் அதைக் கத்துகிறார் என்றால், அங்கே ஒரு கருத்து பரிமாறப்படவில்லை. ஒரு பயிற்சி நடக்கிறது. நம் பக்கத்து ஆண்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டாம் என்று சொல்கிற தைரியம் யாருக்காவது உண்டா?

அதே ஆல்பத்தில் ‘ஜூன்’ என்று ஒன்று இருக்கிறது. “வரி வரி” என்கிறவர்களில் ஒருவரும் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. டால்பட்டின் மகள் 2017இல் இறந்தே பிறந்தாள். அதைப் பற்றிய பாட்டு. ஓர் ஆர்கன் மாதிரி இழுக்கும் ஒலி, அதன் மேல் டால்பட்டின் குரல். பாட்டின் மையம் இலக்கிய வாசகர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று: ஹெமிங்வே எழுதியதாக ஆதாரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஆறு வார்த்தைக் கதை. குழந்தையின் காலணி விற்பனைக்கு என்று வருமே, அது. எழுத்துப் பட்டறைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன உதாரணம். நானே கேட்டால் கொட்டாவி விடுவேன். அந்தத் தேய்ந்த காசை எடுத்து, அது நிஜமாகவே நடந்த ஒருவன் மறுபடி மறுபடி சொல்கிறான். புதிய படிமம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். துக்க வீட்டில் யாரும் புதிதாகப் பேசுவதில்லை.

இனி உண்மையான எதிர்ப்புக்கு வருவோம். ஐடில்ஸ்மேல் வைக்கப்பட்ட விமர்சனங்களில் நான் மதிப்பது ஒன்றுதான், அது இலக்கியத் தரப்பிலிருந்து வரவில்லை. நாட்டிங்காமைச் சேர்ந்த ஸ்லீஃபோர்ட் மாட்ஸ் இரட்டையரில் பாடுகிறவர் ஜேசன் வில்லியம்சன். உழைக்கும் வர்க்கத்தின் குரலை ஐடில்ஸ் இரவல் வாங்கிக்கொள்கிறார்கள் என்று 2019இல் அவர் வெளிப்படையாகவே தாக்கினார். ஒரு லேப்டாப், ஒரு மைக், அவ்வளவுதான் ஸ்லீஃபோர்ட் மாட்ஸ். கூலி வேலை, வேலையில்லாதோர் உதவித்தொகை அலுவலகம், மட்டமான மேலாளர் என்று உள்ளிருந்து எழுதுகிறவர். அவருக்குக் கோபம் வர உரிமை இருக்கிறது. வறுமை ஒரு வேஷமாக, நல்ல சட்டை மாதிரி மாட்டிக்கொள்ளப்படுவதைப் பார்த்தால் எவருக்கும் வரும்.

ஆனால் இந்த வாதத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். மேடையேறுவதற்கு முன்னால் அடையாள அட்டையைக் காட்டு என்றாகிவிடும். அப்பா என்ன வேலை, எந்தத் தெரு, எத்தனை வருஷம் பட்டினி. நம் இலக்கியச் சண்டைகளிலும் இது வாரம் ஒருமுறை நடக்கிறது, யார் எதை எழுதலாம் என்று. அந்தக் கேள்வி தப்பான கேள்வி இல்லை. ஆனால் அதற்கான பதில் பிறப்புச் சான்றிதழில் கிடைக்காது, எழுதியதில்தான் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் ‘மதர்’ அந்தச் சோதனையில் தேறிவிடும். ‘மாடல் வில்லேஜ்’ தேறாது. 2020இல் வந்த அந்தப் பாட்டு ஒரு சின்ன ஆங்கிலேய ஊரை, அங்குள்ள கொடிகளை, இனவெறியை, வம்புப் பேச்சைக் கிண்டலடிக்கிறது. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அது மேலே நின்று கீழே பார்க்கிற சிரிப்பு. ஓர் ஊரே முட்டாள் என்று சொல்ல எந்தத் துணிச்சலும் தேவையில்லை. அந்த ஊரில் பஸ் நின்றுபோனது எப்போது, கடைகள் மூடியது எப்போது என்று ஸ்லீஃபோர்ட் மாட்ஸ் கேட்டிருப்பார்கள். இந்த இடத்தில் வில்லியம்சன் சொன்னது சரி.

அந்த ஆல்பம் முழுக்கவே இந்தப் பிரச்சினை இருக்கிறது. ‘அல்ட்ரா மோனோ’ பிரிட்டன் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கோஷம் தவிர ஒன்றுமில்லை என்று விமர்சகர்கள் அடித்ததும் அதைத்தான். நான் கோஷத்துக்கு வக்காலத்து வாங்குகிறவன், இருந்தாலும் விமர்சகர்கள் பக்கம்தான் இங்கே நிற்பேன். காரணம் மட்டும் வேறு. ‘ஜாய்’ ஆல்பத்தில் கோஷத்துக்குக் கீழே ஒரு ஆள் இருப்பான். அம்மா செத்தவன், மகளைப் புதைத்தவன், சினேகிதன் நாடு விட்டு நாடு வந்தவன். ‘அல்ட்ரா மோனோ’வில் ஆள் எழுந்து போய்விட்டான், கோஷம் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, உங்களுக்கு என் தேய்ந்த வாசகங்கள் பிடிக்காதோ என்று விமர்சகர்களுக்குப் பதில் சொல்லவே ‘தி லவர்’ என்று ஒரு பாட்டு வேறு. பதில் சொல்லப் பாட்டு எழுதினால் அது பெரும்பாலும் முகநூல் பின்னூட்டம் மாதிரிதான் இருக்கும். இந்த ஆல்பம் வந்த நேரமும் மோசம். 2020 செப்டம்பர், பெருந்தொற்றில் கூடங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அதற்கு முந்தின மாதம் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பார்வையாளர் இல்லாமல் வாசித்து இணையத்தில் ஒளிபரப்பினார்கள். ஒலி அவ்வளவு சுத்தம். டால்பட் வழக்கம்போல் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார், கோஷத்தைக் கத்துகிறார், திருப்பிக் கத்த ஆளில்லை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது: கூட்டத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது நண்பர்கள் சொல்கிற அதே வீக் வரிகள்தான்.

அடுத்த வருஷமே ‘கிராலர்’ வந்தது. தன் போதைப் பழக்கம், ஒரு கார் விபத்து என்று டால்பட் மறுபடியும் தன் உடம்புக்குள் போனார். ‘தி பீச்லேண்ட் பால்ரூம்’ பாட்டில் இந்த மனுஷன் கத்தவில்லை, பாடுகிறார். ஆச்சரியமாக, நன்றாகவே பாடுகிறார்.

ஆனால் எனக்கு இவர்களின் சிறந்த ஆல்பம் ஸ்டூடியோவில் செய்தது இல்லை. 2018 டிசம்பர் 3ஆம் தேதி பாரிஸின் பாட்டக்ளான் கூடத்தில் வாசித்ததன் நேரடிப் பதிவு. அடுத்த வருஷம் வெளியானது. பாட்டக்ளானில் சுமார் 1,500 பேர் நிற்கலாம். 2015 நவம்பர் 13 அன்று ஈகிள்ஸ் ஆஃப் டெத் மெட்டல் வாசித்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கிக்காரர்கள் உள்ளே புகுந்து 90 பேரைக் கொன்ற கூடம் அது. சத்தமான பாட்டைக் கேட்க வந்த குற்றத்துக்காகச் செத்தவர்கள். அதற்குப் பிறகு ஐரோப்பா முழுக்கவே அகதி, குடியேறி, முஸ்லிம் என்ற சொற்களெல்லாம் சந்தேகத்தோடு உச்சரிக்கப்பட்டன. மூன்று வருஷம் கழித்து அதே தரையில் அதே மாதிரி ஒரு கூட்டம், அதே மாதிரி சத்தம். அந்தக் கூட்டம் அன்று ‘டேனி நெடெல்கோ’வைப் பாடுவதைக் கேளுங்கள்.

டேனி நெடெல்கோ நிஜ ஆள். உக்ரேனில் பிறந்து பிரிஸ்டலில் வாழ்பவர், ஹெவி லங்ஸ் என்ற குழுவின் பாடகர், டால்பட்டின் நண்பர். குடியேறிகளைக் கொண்டாடும் பாட்டுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 2016 வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்த நாட்டில், இரண்டு வருஷம் கழித்து வந்த பாட்டு. வரிகளில் ஒரு போலந்துக் கசாப்புக்காரர் வருகிறார், சான்சிபாரில் பிறந்த ஃபிரெடி மெர்க்குரி வருகிறார், சோமாலியப் பூர்வீகத்து ஓட்டக்காரர் மோ ஃபாரா வருகிறார். வெறும் பெயர்ப் பட்டியல் என்று சிரிக்கலாம். ஆனால் 2022இல் மோ ஃபாரா தொலைக்காட்சியில் ஓர் உண்மையைச் சொன்னார். சின்ன வயதில் தன்னை வேறொரு குழந்தையின் பெயரில் கடத்திக்கொண்டுவந்து, இன்னொருவர் வீட்டில் வேலைக்கு விட்டிருந்தார்கள். மோ ஃபாரா என்பது தன் சொந்தப் பெயரே இல்லை என்றார். ஒலிம்பிக்கில் நாலு தங்கம் வாங்கிக் கொடுத்து, ராணி கையால் பட்டம் வாங்கியவர். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைக் கேட்டால் பட்டியலில் அந்தப் பெயர் வரும் இடத்தில் எனக்கு ஒரு கணம் தொண்டை அடைக்கும். வரி மாறவில்லை. அதே நாலு அசைதான்.

2024 ஜூன் 28, கிளாஸ்டன்பரி விழா. ஐடில்ஸ் அன்றிரவு ‘அதர் ஸ்டேஜ்’ மேடையின் கடைசிக் குழு. பிரிட்டன் பொதுத் தேர்தலுக்கு ஆறு நாள்தான் பாக்கி. அதற்கு முந்தைய வருஷம் மட்டும் 29,000 பேருக்கு மேல் ரப்பர் படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்திருந்தார்கள். அந்தப் படகுகளை நிறுத்துவதுதான் பிரச்சாரத்தில் ஆளுங்கட்சியின் பெரிய வாக்குறுதிகளில் ஒன்று. ‘டேனி நெடெல்கோ’ ஓடிக்கொண்டிருக்கும்போது கூட்டத்துக்கு நடுவில் ஒரு ரப்பர் படகு கிளம்பியது. உள்ளே உயிர்காப்பு அங்கி போட்ட பொம்மைகள். தலைகளுக்கு மேலே கை மாறி கை மாறி மிதந்து போனது. செய்தது பேங்க்ஸி. குழுவுக்கே முன்கூட்டித் தெரியாது, வாசித்து முடித்த பிறகுதான் தெரிந்தது என்றார்கள். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி அதை இழிவான செயல் என்று திட்டினார். தான் பண உதவி செய்யும் லூயிஸ் மிஷேல் என்ற நிஜக் கப்பல் மத்தியதரைக் கடலில் பெரியவர் துணையில்லாத 17 குழந்தைகளைக் காப்பாற்றியதையும், இத்தாலிய அதிகாரிகள் அந்தக் கப்பலைப் பிடித்துவைத்ததையும் சொல்லி, இழிவு அதுதான் என்று பேங்க்ஸி பதில் எழுதினார்.

இரு தரப்பு அறிவாளிகளும் அந்த வாரம் நிறைய எழுதினார்கள். மலிவான சைகை என்று இடதுசாரிகளிலும் சிலர் சலித்துக்கொண்டார்கள். நான் அந்தக் காணொளியைப் பல தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், படகை விடக் கைகளைத்தான். ஒத்திகை கிடையாது, அறிவிப்பு கிடையாது, இருட்டு வேறு. பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது. படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துக் கைகள் உடனே உயர்கின்றன. இத்தனை வருஷமாக மேலேயிருந்து குதிக்கிற லீ கீர்னனையும், குழியில் விழுந்த முன்பின் தெரியாதவர்களையும் தூக்கிப் பழகிய கைகள். படகை அவை கீழே விடவில்லை.